செய்தி முதலில் யார் காதில் விழ வேண்டும்?

வணக்கம். வயது 26. தொழில்முறைக் கால்பந்து வீரன். நான் தன்பாலீர்ப்பாளன். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: மூன்று வருடமாக என்னோடு இருக்கும் துணைவர், எங்கள் கேப்டன், பள்ளிக்கால நண்பன் ஒருவன். அம்மாவுக்குத் தெரியாது. தம்பிக்குச் சந்தேகம் இருக்கலாம்.

போன வாரம் ஒரு விளையாட்டு நிருபர் வாட்ஸ்அப்பில் எழுதினார்: “உங்களைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. வேறு யாராவது கன்னாபின்னாவென்று எழுதுவதற்குள் எங்களிடம் சொல்லிவிடுங்கள், கௌரவமாகப் போடுகிறோம். மாதக் கடைசிவரை காத்திருக்கிறேன்.” நான் பதில் போடவில்லை, ஆனால் நீல டிக் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பயிற்சியில் பந்து காலில் நிற்க மாட்டேன் என்கிறது. மறுத்துவிடலாமா? முந்திக்கொண்டு நானே வீடியோ போட்டுவிடலாமா? இப்படிச் சொன்ன வீரர்களின் செய்திகளை இரவெல்லாம் தேடிப் படிக்கிறேன். கீழே இருக்கும் கமெண்டுகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

— பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

நீல டிக்கால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மாதக் கடைசி என்பது அவர் வைத்த கெடு. அவர் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். ‘பேச்சு அடிபடுகிறது’ என்கிறார், ஆதாரம் இருப்பதாகச் சொல்லவில்லை. இம்மாதிரி நேரங்களில் நீங்கள் தரும் பதில்தான் பல சமயம் ஆதாரமாகிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு வரி போதும்: “சொந்த வாழ்க்கை பற்றிய கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.” மறுக்க வேண்டாம், மறுத்தால் பின்னாளில் அந்த மறுப்பே இரண்டாவது செய்தியாகும். இன்னொன்று: ‘இது பிரசுரத்துக்கல்ல’ என்பதைப் பேசுவதற்கு முன்பே சொல்லி, அவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிய பிறகு சொன்னால் செல்லாது. பதற்றத்தில் இருப்பவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

பிரிட்டனில் பத்திரிகை ஆசிரியர் நெறிமுறையின் 12-ஆவது பிரிவு, செய்திக்கு உண்மையிலேயே தேவைப்பட்டாலொழிய ஒருவரின் பாலீர்ப்பைக் குறிப்பிடக் கூடாது என்கிறது. உங்கள் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

இப்போது அம்மா. வெல்ஷ் ரக்பி வீரர் கேரத் தாமஸ் 2009-இலேயே தன்பாலீர்ப்பாளர் என்று தானாக அறிவித்தவர். ஆனால் தனக்கு எச்ஐவி இருப்பதை அவர் பெற்றோரிடம் சொல்வதற்குள், ஒரு நிருபர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டதாக 2019-இல் பேட்டியில் சொன்னார். பெற்றவர்களுக்குத் தன் வாயால் சொல்லும் வாய்ப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. நீங்கள் ஊருக்குச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் (சொல்லாமலே இருக்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு) இந்த ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு தாளில், உங்கள் வாயால் கேட்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஐந்தாறுக்கு மேல் வராது. எளிதானவரிடமிருந்து தொடங்குங்கள். கூடைப்பந்து வீரர் ஜேசன் காலின்ஸ் 2013-இல் பத்திரிகையில் எழுதுவதற்கு முன் சொந்தங்களில் முதலில் சொன்னது ஓர் அத்தையிடம். இரட்டைச் சகோதரரிடம் சொன்னதுகூட அதற்குப் பிறகுதான். உங்களுக்கு அந்த அத்தை, தம்பியாக இருக்கலாம். ஒருவரோடு ஒரு நேரம், நேரில், கால் மணி நேரம். முதல் வாக்கியத்தை முன்னதாக நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சரளமாக ஓடுவது தொண்டையில் வந்து நிற்கும். அன்றைக்கே அம்மா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். “அம்மா, யாராவது பத்திரிகைக்காரர் கேட்டால் ‘என் மகனிடம் கேளுங்கள்’ என்று மட்டும் சொல்லு” என்பதையும் சொல்லிவிடுங்கள். ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் தனக்கு ஒரு பெண் துணை இருப்பதை 2019-இல் அறிவித்தபோது அவர் குடும்பத்தின் மனக்கசப்பும் சேர்ந்தே செய்தியானது. துணைவரின் பெயரை அவர் வெளியிடவில்லை. அது சரியான முடிவு. அந்தப் பெயரைச் சொல்வது உங்கள் துணைவரின் உரிமை, உங்களுடையதல்ல.

வீட்டுக்குப் பிறகு பயிற்சியாளர், அவருக்குப் பிறகு கிளப்பின் ஊடகப் பொறுப்பாளர். இங்கிலாந்தில் கால்பந்து வீரர் ஜேக் டேனியல்ஸ் 2022 மே மாதம் 17 வயதில் அறிவித்தபோது குடும்பத்துக்கும் கிளப்புக்கும் முன்பே தெரியும்.

அறிவிப்பதென்று முடிவானால் வீடியோ நல்ல வழிதான், நள்ளிரவுப் பதற்றத்தில் போடாதவரை. அமெரிக்கன் ஃபுட்பால் (உங்கள் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) வீரர் கார்ல் நாசிப் 2021 ஜூனில் போட்டது சுமார் ஒரு நிமிடம்தான். லீக் ஆட்டங்கள் இல்லாத மாதம். பேட்டி கொடுப்பதானால் வெளியாகும் தேதி, படங்கள், துணைவர் பற்றிக் கேள்வி இல்லை என்பது, இவற்றை எழுத்தில் வாங்குங்கள். தலைப்பை வைப்பது பெரும்பாலும் நிருபரல்ல, அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் உதவி ஆசிரியர். அதையும் முன்கூட்டிக் கேளுங்கள். பிறகும் அபத்தங்கள் வரும். 2014-இல், தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்திருந்த அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் மைக்கேல் சாம் அணியினரோடு சேர்ந்து குளிக்கிறாரா என்றெல்லாம் ஒரு தொலைக்காட்சி செய்தி சொல்லி, பின்பு வருத்தம் தெரிவித்தது.

கமெண்டுகளை இன்றிரவிலிருந்து நிறுத்துங்கள். ஆறுதல் தேடித்தான் உள்ளே போகிறீர்கள், மூளையோ மிரட்டலை மட்டும் பொறுக்கி எடுத்துத் தூக்கத்துக்குள் கொண்டுவருகிறது. போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். ஒரு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். உயிர் வெறுக்கும் எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே.

செய்தி வெளியாகும் நாளில் சமூக ஊடகக் கணக்கை இரண்டு நாள் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். துணைவர் வேண்டாம், ஒவ்வொரு வரியும் அவருக்கும் வலிக்கும். அந்தப் பள்ளிக்கால நண்பனிடம் கொடுங்கள்.