அந்த அம்மாவின் பெயர் என்ன?

கேள்வி: எனக்கு வயது 31. லுத்தரன் சபைக் குடும்பம். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம், 15 வயதில் திடப்படுத்தல் (விசுவாசத்தை நானே சபை முன் அறிக்கையிடும் சடங்கு). மனமகிழ் மன்றத்தில் காசு வைத்துச் சீட்டாடும் பழக்கத்திலிருந்து விடுபட வேண்டும் என்று 4 வருடத்துக்கு முன்னால் வேறொரு சபையில் சேர்ந்து, ஆற்றில் முழுக்கு எடுத்தேன். சாட்சியும் சொன்னேன். எட்டு மாதம் நன்றாக இருந்தேன், அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. போன வருடம் அம்மாவின் இரண்டு வளையல்களை எடுத்து அடகு வைத்தேன். அம்மா, வீட்டு வேலைக்கு வந்தவரைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார். வளையலை மீட்கத்தான் மறுபடி ஆட உட்கார்ந்தேன், அந்தப் பணமும் போய்விட்டது. எல்லாவற்றையும் ஆண்டவரிடம் அறிக்கை செய்துவிட்டேன். தினமும் 51-ஆம் சங்கீதம் வாசித்து அழுகிறேன். ஆனாலும் விடுதலை இல்லை. நான் பெற்ற இரண்டு ஞானஸ்நானமும் செல்லாதவையா? உண்மையான மனந்திரும்புதலோடு இன்னொரு முறை எடுக்கலாமா?

பதில்:

தம்பி, எடுக்காதே. இரண்டாவது தடவையே எடுத்திருக்கக் கூடாது என்பது என் விசுவாசம். முழுக்குச் சபையார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அந்த வழக்கு இன்றைக்குத் தீரப்போவதில்லை. ஆனால், விழும்போதெல்லாம் மறுபடி முழுக்கு எடு என்று அவர்களும் போதிப்பதில்லை. நாலாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிவினர், தங்களிடம் வந்து சேர்ந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பழைய சபையின் குருமார் கறைபட்டவர்கள், அவர்கள் கொடுத்தது செல்லாது என்பது அவர்கள் வாதம். ஹிப்போ நகரத்து ஆயரான அகுஸ்தீன் அவர்களுக்குச் சொன்ன பதில், ஞானஸ்நானம் கொடுக்கிறவருடைய சொத்து அல்ல, அது கிறிஸ்துவுடையது என்பது. அன்றைக்கு உன் மனம் எவ்வளவு உருகியது என்று எடை போட்டுப் பார்த்து அதைச் செல்லாததாக்க உன்னாலும் முடியாது.

திடப்படுத்தல் வகுப்பில், உன் சபைக்குப் பெயர் தந்த லூத்தருடைய சிறிய ஞானோபதேசத்தை, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் அந்தப் புத்தகத்தை, மனப்பாடம் செய்திருப்பாய். நமக்குள் இருக்கிற பழைய ஆதாம் தினமும் மனஸ்தாபத்தாலும் மனந்திரும்புதலாலும் மூழ்கிச் சாக வேண்டும் என்று அதில் இருக்கிறது. தினமும் என்ற சொல்லைக் கவனி. 1529-ல் அதே லூத்தர் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் ஒரு கப்பல் வருகிறது. கப்பல் உடைந்துபோனவனுக்கு மனந்திரும்புதல்தான் பிடித்துக்கொள்ள இரண்டாவது பலகை என்று பழைய காலத்துச் சபைப் பிதா ஜெரோம் சொல்லியிருந்தார். லூத்தர் அதை மறுக்கிறார். ஞானஸ்நானம் என்கிற கப்பல் உடையவே இல்லை, விழுந்தவன் நீந்திப் போய் அதே கப்பலைப் பிடித்து ஏறட்டும் என்கிறார். நீ விழுந்தது உண்மை. உன் கப்பல் இன்னும் மிதக்கிறது. புதுக் கப்பல் கட்டித் தரச் சொல்லி என்னிடம் கேட்காதே.

ஞானஸ்நானக் கேள்வி இத்தோடு போதும். உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி வேறு. வேலைக்கு வந்தவரை அம்மா நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு வரி. திடப்படுத்தல் எந்த வயதில் என்று எழுதத் தெரிந்தது, எத்தனை மாதம் ஆடாமல் இருந்தாய் என்று கணக்குச் சொல்லத் தெரிந்தது. அந்த அம்மாவின் பெயர் என்ன? எத்தனை வருடம் உன் வீட்டில் பாத்திரம் தேய்த்தார்? உன் தட்டையும் கழுவியிருப்பாரே. திருடி என்ற பேரோடு உன் வாசற்படி இறங்கினவருக்கு அந்தத் தெருவில் வேறு வீடு கிடைத்ததா? அவர் பிள்ளைகள் காதுக்கு அந்தப் பேச்சு போயிற்றா? உன் அம்மா அவரை அனுப்பின அன்றைக்கு நீ வீட்டில் இருந்தாயா? வாயைத் திறக்காமல் நின்றாயா?

என் பாவத்தைக் கிறிஸ்து சுமந்து தீர்த்தார் என்று சபையில் பாடுகிறாய். ஒரு வருடமாக உன் பாவத்தை இன்னொருத்தி சுமந்துகொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

51-ஆம் சங்கீதத்தில் எந்த வசனத்தில் உனக்கு அழுகை வருகிறது என்று என்னால் சொல்ல முடியும். 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து' என்று தாவீது சொல்கிற இடம். உன்னைப்போல் அந்த வசனத்துக்குள் போய் ஒளிந்துகொண்டவர்கள் எழுதிய கடிதங்கள் எனக்கு எவ்வளவோ வந்திருக்கின்றன. தாவீது யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டு, யாரைப் போர்முனையில் சாகவிட்டானோ அந்த உரியா, அவன் அதைச் சொன்னபோது செத்துப்போயிருந்தான், போய் நின்று மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. உனக்கு ஆள் இருக்கிறார். ஒருவேளை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. பிறர் பொருளை அபகரித்துப் பொய் சொன்னவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலியும் அதோடுகூடச் செலுத்த வேண்டும். காணிக்கையோடு பலிபீடத்தண்டை நிற்கிறவனைப் பார்த்து இயேசு, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார். நீ மூன்றாம் தரம் தண்ணீருக்குள் இறங்க வந்திருந்தால் கரையிலேயே நிறுத்தி அவர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இப்படி நான் சொன்னால், கிருபையை விட்டுவிட்டுக் கிரியையைப் போதிக்கிறீர்கள் என்று யாராவது எழுதுவார்கள். அநியாயமாய்ப் பணம் சேர்த்த வரி வசூல்காரன் சகேயுவின் கதையை அவர்கள் நிதானமாக வாசிக்கட்டும். இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொன்னபோது சகேயு ஒரு காசு கூடத் திருப்பியிருக்கவில்லை. கிருபைதான் முதலில் வந்தது. அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு அவனால் அநியாயக் காசைப் பெட்டியில் வைத்திருக்க முடியவில்லை. நாலத்தனையாய்த் திருப்பிச் செலுத்துகிறேன் என்று எழுந்து நின்றான். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6-ல் பவுலே கேட்டு, கூடாதே என்று பதிலும் சொல்கிறார். ஞானஸ்நானத்தைப் பற்றி அவர் பேசுவதும் அங்கேதான், கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்று. புதைத்ததைத் தோண்டி எடுத்து அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, ஏன் இன்னும் நாறுகிறது என்று நீ என்னைக் கேட்கிறாய்.

நீ மறுபடி ஆடியது வளையலை மீட்க என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த ரகசியம் வீட்டில் இருக்கிறவரை உன்னை மன்றத்துக்கு இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சாட்சி மேடையில் சீட்டாட்டத்தைச் சொல்வது சுலபம், அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் வளையலைப் பறிகொடுத்தவர்கள் இல்லை.

உன் அம்மாவிடம் சொல். பிள்ளை செய்த தப்புக்குப் பிறத்தியார் வீட்டுப் பெண்ணைக் குற்றவாளி ஆக்கியது உன் அம்மாவின் தப்பும்தான். ஏழை என்றால் எடுத்திருப்பாள் என்று நினைத்தாரே, அதற்கு அவரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். குடும்ப மானம் என்ன ஆவது என்று அவர் கேட்பார். அந்த அம்மாவுக்கும் குடும்பம் இருக்கிறது, மானம் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து பகல் வேளையில், அக்கம்பக்கத்தார் பார்க்க அவர் வீட்டுக்குப் போங்கள். எடுத்தது நான்தான் என்று நீ உன் வாயால், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். நிறுத்திய மாதத்திலிருந்து இன்றுவரை வந்திருக்க வேண்டிய சம்பளத்தைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போ. லேவியராகமத்தின் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக்கொள். கையில் இல்லையென்றால் வண்டியை விற்றுவிடு. அடகுக் கடை ரசீதை அம்மாவிடம் கொடுத்துவிடு, இனி சம்பளக் கணக்கும் அவர் கையில் இருக்கட்டும். சூதாட்டத்துக்கு அடிமையாவது ஒரு வியாதியும்தான், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போ. டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, கூப்பிட்டுப் பேசு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த அம்மா உன்னை மன்னிக்காமல் போகலாம். கதவைச் சாத்தினாலும் சாத்துவார், அது அவர் உரிமை. ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீங்கள் என்ன என்று அங்கே மட்டும் வசனம் பேசிவிடாதே. பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் சொல்கிறதையெல்லாம் நின்று கேட்டுவிட்டு வா.

இன்றைக்கு ராத்திரி உன் அம்மா உனக்குச் சோறு போடுவதற்கு முன்னால் சொல்லிவிடு.