ஆப்பிரிக்க மேளமும் தபலாவும் எப்படிச் சேர்ந்து வாசிக்கின்றன?

மேற்கு ஆப்பிரிக்கக் கலைஞரும் இந்துஸ்தானி கலைஞரும் பொதுவான சுரக்குறிப்பு இல்லாமல் எப்படிச் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்பது கேள்வி. நல்ல உதாரணம், 1991இல் அமெரிக்க டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ இசைத்தொகுப்பு. நைஜீரியாவின் சிகிரு அடேபோஜு, தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் நம் விக்கு விநாயக்ராம் எல்லோரும் அதில் உண்டு.

அடேபோஜு வாசிப்பது ‘பேசும் மேளம்’. உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த வாத்தியம். அக்குளில் இடுக்கிக் கயிறுகளை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். நைஜீரியாவில் பேசப்படும் யொரூபா மொழியில் சொல்லின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறும்; மேளம் அந்த ஏற்ற இறக்கத்தையே வாசிக்கிறது. தபலாவிலோ ‘தா தின் தின் தா’ என்று வாயால் சொல்லிப் பழகியதுதான் விரலுக்கு வருகிறது. இடது மேளத்தை உள்ளங்கை அடியால் அழுத்தினால் அங்கேயும் சுருதி வளையும். இரண்டுமே வாய்வழிக் கலை. காதால் பிடித்துப் பதில் சொல்ல இருவருக்கும் பழக்கம் உண்டு.

அப்புறம் தாளம். இரண்டு மரபிலும் தாளம் சுற்றிச் சுற்றி வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் 12 துடிப்புச் சுற்று சகஜம். இந்துஸ்தானியின் தீன்தால் என்ற தாளத்துக்கு 16 மாத்திரை, அதாவது 16 எண்ணிக்கை. ஒரே வேகத்தில் எண்ணினால் 48ஆவதோடு இரண்டு சுற்றும் ஒன்றாக முடியும். 12 நிமிடத்துக்கு ஒன்று, 16 நிமிடத்துக்கு ஒன்று என ஒரே நேரத்தில் கிளம்பத் தொடங்கிய இரு தட பஸ்கள், 48 நிமிடத்துக்கு ஒருமுறை சேர்ந்து புறப்படுவதுபோல.

ஆளாளுக்கு இஷ்டத்துக்குத் தட்டுகிறார்கள் என்று பலர் நினைப்பது தவறு. கற்பனையில் எவ்வளவு தூரம் போனாலும் இருவரும் உள்ளுக்குள் தாளச் சுற்றை விடாமல் பிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.