கடல் விரால் என்பது விராலா, சுறாவா? எங்கே வாழும், கூண்டில் வளர்த்தால் தேறுமா?

விராலும் இல்லை, சுறாவும் இல்லை. "சுறாக்குட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக உங்களுக்குக் கிடைத்தது நல்ல மீன்தான், தப்பான பெயரில். இந்த மீனைப் பெயரை வைத்துப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். தட்டையான தலை, மேல்தாடையை விட நீண்ட கீழ்த்தாடை, உருண்டு நீண்ட உடம்பு. பார்த்த மாத்திரத்தில் குளத்து விரால் நினைவுக்கு வரும். நாம் மட்டும் அப்படிப் பெயர் வைக்கவில்லை. மலாயில் 'ஹாருவான் தாசிக்', சிங்களத்தில் 'முஹுது லூலா'. அவர்களும் விராலைத்தான் கடலில் இறக்கியிருக்கிறார்கள். ஒற்றுமை அந்தத் தலையோடு சரி. விரால் சேற்றுத் தண்ணீரில் மேலே வந்து காற்றைக் குடிக்கும், குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். கடல் விரால் முட்டையைத் திறந்த நீரில் விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். ஆங்கிலத்தில் கோபியா, அறிவியலில் ராக்கிசென்ட்ரான் கனடம். 1766-ல் லின்னேயஸ் வைத்த பெயர். அந்தக் குடும்பத்தில் இன்று இருப்பது இந்த ஒரே இனம்தான்.

நெருங்கிய சொந்தம் யார் என்றால், சுறாவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு திரியும் ஒட்டுமீன். மஹி மஹி என்கிற கடல்மீனும் பங்காளிதான். கடல் விராலின் குஞ்சையும் ஒட்டுமீனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதே கறுப்பு வெள்ளைப் பட்டை, அதே உடல்வாகு. ஒட்டுமீனின் தலையில் இருக்கும் ஒட்டுத்தட்டு முதுகுத் துடுப்பு மாறி வந்தது. கடல் விராலுக்கு அந்த இடத்தில் 7 முதல் 9 வரை குட்டை முட்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். சவ்வு இணைக்காது, மடக்கினால் பள்ளத்துக்குள் படுத்துவிடும். சந்தேகம் வந்தால் தலைக்குப் பின்னால் வாலிலிருந்து முன்னோக்கி விரலை மெதுவாக ஓட்டுங்கள், குத்தும். சுறாவாக இருந்தால் செவுள் மூடியே இருக்காது, பக்கத்துக்கு ஐந்து கீறல்தான் இருக்கும். இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. குஞ்சில் வால் வட்டமாக இருக்கும், வளர வளரப் பிறை வடிவம் எடுக்கும். அதனால் சின்னதையும் பெரியதையும் இரண்டு இனம் என்று நினைப்பவர்களும் உண்டு.

தண்ணீரில் சுறா மாதிரித் தெரிவதற்குக் காரணம் உண்டு. இதற்குக் காற்றுப்பை கிடையாது. நின்றால் அமிழும். ஆகவே மார்புத் துடுப்பை இறக்கை போல விரித்து ஓயாமல் நீந்திக்கொண்டே இருக்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு அந்தக் கரும்பழுப்பு நிழல் சுறாதான்.

எங்கே வாழும் என்று கேட்டீர்கள். கிழக்குப் பசிபிக் தவிர உலகின் வெப்பக் கடல்கள் எல்லாவற்றிலும் உண்டு. (2015-ல் எக்வடோர் கூண்டுகளிலிருந்து குஞ்சுகள் தப்பிப் போய், பின்னர் கொலம்பியா, பனாமா பக்கமும் தென்பட்டன. அதை இயற்கைப் பரவல் என்று என்னிடம் வாதாட வராதீர்கள்.) கரையோரம், கழிமுகம், கண்டத்திட்டு எங்கும் திரியும். ஆனால் வெறும் நீரில் தேடினால் நேரம்தான் வீண். ஏதாவது ஒரு பொருள் வேண்டும் இதற்கு: மிதவை, பாலத்தின் தூண், மூழ்கிய கப்பல், நங்கூரமிட்ட படகு, மிதக்கும் கட்டை. எதுவும் இல்லாவிட்டால் ஆமை, சுறா, பெரிய திருக்கை. திருக்கை மணலைக் கிளறும்போது வெளியே ஓடும் நண்டை, கூடவே வரும் கடல் விரால் எடுத்துக்கொள்ளும். நண்டுதான் இதற்குப் பிரியமான தீனி, முழுசாக விழுங்கும். மீன், கணவாய், இறால் எல்லாம் பிறகுதான்.

வலசையை நன்றாகக் கண்காணித்திருப்பது அமெரிக்கக் கரைகளில். மெக்சிகோ வளைகுடாவில் குளிர்காலத்துக்கு ஃபுளோரிடாவின் தென்முனைக்கு இறங்கும், வசந்தத்தில் வடகரைக்கு ஏறும். அட்லாண்டிக் பக்கம் மே, ஜூனில் செசபீக் விரிகுடா வரை வந்து, கோடை முடிந்ததும் கிளம்பிவிடும். ஓட்டுவது குளிர்தான், 20 டிகிரிக்கு மேல் இருக்கும் நீரைத்தான் இது விரும்பும். நம் மன்னார் வளைகுடா அந்த அளவுக்குக் குளிர்வதில்லை, அதனால் அட்லாண்டிக் கால அட்டவணையை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஆண் இரண்டு வயதிலும் பெண் மூன்று வயதிலும் பருவத்துக்கு வரும். பெண்தான் பெரிது. இரண்டு மீட்டர் வரை நீளும். தூண்டில் சாதனையாகப் பதிவானது 1985-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சுறா விரிகுடாவில் பிடித்த 61.5 கிலோ மீன்.

இனி கூண்டு. தேறும், ஆனால் "ஆறு மாதத்தில் லட்சாதிபதி" என்று காணொளி போடுகிறவர்கள் சொல்லும் கணக்கில் இல்லை. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் இதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தது, இந்தியாவில் முதல் முறை. தாய்மீன்களைக் கடல் கூண்டில் சாளை, கணவாய், நண்டு கொடுத்து வளர்ப்பார்கள். வெளித்தோற்றத்தில் ஆண் பெண் தெரியாது. மெல்லிய குழாயை இனப்பெருக்கத் துளையில் விட்டு முட்டையை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். முட்டை சுமார் 0.7 மில்லிமீட்டர் இருந்தால், முட்டையிடத் தூண்டும் ஊசிக்குத் தயார். எச்.சி.ஜி. ஹார்மோன், பெண்ணுக்குக் கிலோவுக்கு 500 அலகு, ஆணுக்கு 250. ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டையிடும், அடுத்த ஒரு நாளுக்குள் பொரிக்கும்.

சாவு தொடங்குவது அதன் பிறகு. மூன்றாம் நாள் வாய் திறக்கும், ஆனால் அந்த வாய்க்குள் ரோட்டிஃபர் என்கிற நுண்ணிய மிதவை உயிரி அளவுதான் போகும். அந்த நாளில் தொட்டியில் ரோட்டிஃபர் தயாராக இல்லை என்றால் அந்த வாரமே கணக்கு முடிந்தது. எட்டாம் நாள் வாக்கில் ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ப் பொடி இறாலின் குஞ்சு, பதினெட்டு நாளுக்கு மேல் மெல்லத் தூள் தீவனம். அந்தக் கட்டத்தில்தான் பெரியது சின்னதைத் தின்ன ஆரம்பிக்கும். சில நாளுக்கு ஒருமுறை அளவு பிரிக்கச் சோம்பல்பட்டால் மீதி இருப்பது கொழுத்த பத்துப் பேர்தான்.

15 செ.மீ. ஆன பிறகே கடல் கூண்டுக்கு. கடல் வற்றின நேரத்திலும் ஆறு மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். வலையில் பாசியும் கொட்டலசும் அடைந்தால் நீரோட்டம் தடைபட்டு ஆக்சிஜன் விழும். ஓயாமல் நீந்துகிற இந்த மீன்தான் முதலில் மல்லாந்துவிடும். தோலில் ஒட்டும் தட்டைப்புழு கண்ணைக் குருடாக்கிவிடும், அப்போது தீனி தெரியாமல் மெலியும். சில நிமிட நன்னீர்க் குளியலில் புழு உதிரும். ஏழு மாதத்தில் இரண்டு, இரண்டரை கிலோ எதிர்பார்க்கலாம். கழிவு மீன் தீனி என்றால் ஒரு கிலோ எடை ஏற ஐந்தாறு கிலோ போடவேண்டும். தீனிச் செலவை இங்கேயே எழுதிப் பாருங்கள், வலை வாங்கப் போவதற்கு முன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. இதை வஞ்சிரம் என்று துண்டு போட்டு விற்கிறார்கள். சுவையில் குறை சொல்ல முடியாது, வறுத்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த விலைக்கு அந்தப் பெயரிலா? முழு மீனாகப் பார்க்காமல் துண்டாக வாங்குகிறீர்கள் என்றால் தோலைப் பாருங்கள். வஞ்சிரத்தின் தோல் மெல்லியது, வெள்ளி மினுக்கு, பக்கவாட்டில் குறுக்குக் கோடோ புள்ளியோ இருக்கும். கடல் விராலின் தோல் தடிப்பு, முதுகில் கரும்பழுப்பு, பொடிச் செதில் உள்ளே புதைந்திருக்கும், பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கறுப்புப் பட்டை ஓடும். தோலை உரித்து வைத்துக்கொண்டு "வஞ்சிரம்தான் சார்" என்றால், அந்தத் தட்டை விட்டு அடுத்த தட்டுக்கு நகருங்கள்.