திருப்பிச் சொல்ல முடியுமா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் திருகோணமலை உப்புவெளிப் பொடியன். மெல்பேர்னில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். போன கிழமை எனக்கு ஞாயிறு லீவு கிடைத்தது. கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் தோளில் தட்டி, சிரித்தபடி "யூ லக்கி பாஸ்டர்ட்" என்றார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. அம்மாவை இழுக்கிற சொல் அல்லவா? அன்றிலிருந்து அவரோடு கதைக்கவில்லை. ஆனால் ஊரில் "விசரா", "எருமை" என்று நாள் முழுக்கக் கூப்பிட்டுத்தானே வளர்ந்தோம்? அது சுடவில்லை, இது ஏன் சுடுகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

சுட்டது நியாயம்தான். நம் ஆட்கள் மாட்டோடும் கழுதையோடும் ஒப்பிட்டால் பொறுத்துக்கொள்வார்கள், பிறப்பைத் தொட்டால் கத்தி எடுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து நம் 'மச்சான்' அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கேயும் எல்லார் வாயிலும் அல்ல. 1932-33 'பொடிலைன்' கிரிக்கெட் தொடரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஆஸ்திரேலிய வீரர் ஒருவர் தன்னை அப்படித் திட்டியதாக இங்கிலாந்துத் தலைவர் ஜார்டின் எதிரணியின் அறைக்கே போய் முறையிட்டாராம். கதவைத் திறந்த உபதலைவர் விக் ரிச்சர்ட்சன் உள்ளே திரும்பி, "உங்களில் எந்த பாஸ்டர்ட் இந்த பாஸ்டர்ட்டை பாஸ்டர்ட் என்றது?" என்று கேட்டாராம். ஒரே வசனத்தில் தன் ஆட்களுக்கு அது செல்லம், ஜார்டினுக்கு வசவு.

தொனியைப் பார்த்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறதை நீர் பார்த்திருப்பீர். கயிற்றில் ஒருத்தன் கை தளர்ந்தால் பக்கத்தில் நிற்கிறவன், "எருமை, நித்திரையோ?" என்பான். "நீதான்டா எருமை, உன்ர பக்கம்தான் வலை சரியுது" என்று உடனே பதில் வரும். எல்லாரும் சிரிப்பார்கள், வலை ஏறும். பிறகு மடியை அவிழ்த்து மீன் பிரிக்கும்போது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அதே ஆளிடம், அதே சிரிப்போடு "எருமை" என்பார். ஆள் குனிந்து மீனைப் பார்ப்பான். சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான், எப்படித் திருப்பிச் சொல்வான்? சொல்லும் ஒன்று, சிரிப்பும் ஒன்று. ஆனால் ஒருவன் வாய் மூடிக் கிடக்கிறது. என் கண்ணுக்கு அது வசவுதான், சம்மாட்டி எவ்வளவு அன்பாகச் சொன்னதாக நினைத்தாலும்.

வசவே இல்லாமலும் அவமதிக்கலாம். யுத்த காலத்தில் குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தால் சோதனைச்சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு சிப்பாய் என் அப்பாவிடம், "உம்ப கொஹெத யன்னெ?" என்றான். எங்கே போகிறாய் என்கிற கேள்விதான். சிங்களம் தெரியாதவர்கள் சாதாரணமாகக் கடந்து போனார்கள். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், அதனால் 'நீ' என்று மரியாதையில்லாமல் கூப்பிடும் அந்த 'உம்ப' அவர் நெஞ்சில் ஏறியது. ஓய்வுபெற்ற வாத்தியார் அவர். "டவுனுக்கு, மாத்தயா" (ஐயா) என்று மட்டும் சொன்னார். அதே அப்பா, மீன்பிடிப் பருவத்துக்குக் கரையில் வாடி (குடில்) போட வரும் நீர்கொழும்புச் சிங்களக் கூட்டாளி ஒருவர் "உம்ப" என்றால் தானும் "உம்ப" என்பார். அந்த மனிதர் வந்த நாளில் வீடே கலகலக்கும்.

உறவுகளிலும் இப்படித்தான். மச்சானைக் கேலி செய்யலாம், பெரியப்பாவைச் செய்ய முடியாது. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் இந்தக் கேலி உறவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது, கோபிக்கக் கூடாது என்பதும் அந்த உறவின் விதி என்பது. மாலி நாட்டில் சில குடும்பப் பெயர்க்காரர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் "பயறு தின்னி" என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். நைஜரின் இப்படியான கேலி உறவை யுனெஸ்கோ 2014-இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் கேலி இரண்டு பக்கமும் போய்வருகிறது.

சரி, உம்முடைய விஷயத்துக்கு வருவோம். அந்த மனிதர் உமக்கு மேலாளரா, கூட்டாளியா என்று எழுதவில்லை. "கூட வேலை செய்யும்" என்றதால் சமமான ஆள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் உம்மையும் தன் கூட்டத்தில் ஒருவராக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அதற்காக நீர் அதை விழுங்க வேண்டும் என்று இல்லை. அவரிடம் போய், "எங்கள் ஊரில் இது தாயைப் பற்றிய பேச்சு, வேறு எதுவும் சொல்லும்" என்று நேராகச் சொல்லும். வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதிவிட வேண்டாம், குரலும் முகமும் இல்லாமல் அது முறைப்பாடு போல இருக்கும். நல்ல மனிதரென்றால் அடுத்த நாளே வேறு பட்டம் வைப்பார். நீரும் அவருக்கு ஒன்று வையும். மேலாளர் என்றால் கதை வேறு, அப்போது மறுபடி எழுதும்.

அன்புடன்,
அண்ணா