மங்கோலியப் பேரரசர்கள் கிழக்கு ஆப்பிரிக்க வணிக நகரங்களுக்குத் தூது அனுப்பினார்களா?

அனுப்பினார்கள். சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒட்டகச்சிவிங்கி வந்தது என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது வேறு கதை. இன்றைய கென்யாவிலுள்ள மலிந்தியிலிருந்து சீனாவுக்கு ஒட்டகச்சிவிங்கி போனது 1415-இல். மங்கோலியர் ஆட்சி அங்கே 1368-லேயே முடிந்துவிட்டது.

நமக்குக் கிடைத்திருப்பது ஒரு பயணப்படிக் கணக்கு. 1301-இல், குப்லாயின் பேரன் தெமூர் காலத்தில், 37 பேர் இன்றைய சோமாலியாவிலுள்ள மொகதிஷுவுக்குப் புறப்படுகிறார்கள். சிங்கம், சிறுத்தை கொண்டுவர வேண்டும். போகவர இரண்டு வருடத்துக்குப் படி கொடுக்கவும் என்று அரசு அஞ்சல் நிலையப் பதிவு சொல்கிறது.

நான் வேலை பார்த்த காலம் முழுக்கப் பயணப்படி பில் பாஸ் பண்ணியவன். எத்தனை பேர், எங்கே, எதற்கு, எவ்வளவு காலம் என்றுதான் முதலில் பார்ப்போம். எழுநூறு வருடப் பழைய அந்தப் பதிவில் நான்கும் இருக்கின்றன. வரலாறு படித்த உறவுக்காரப் பையனிடம் சொன்னேன். "வெறும் படிக்கணக்கு மாமா, இதைப் போய் வரலாறுங்கறீங்களே" என்றான். இன்னும் மனசு ஆறவில்லை. மார்க்கோ போலோ சொன்னால் மட்டும் வரலாறா? அவரும் கானின் தூதர்கள் மடகாஸ்கருக்குப் போனதாகச் சொல்கிறார். ஆனால் அவர் அங்கே போனதில்லை. அந்தத் தீவில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் உண்டு என்கிறார். மடகாஸ்கரில் இரண்டும் கிடையாது. மொகதிஷுவைத்தான் குழப்பிக்கொண்டார் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

விலங்கு வாங்கப் போனது ராஜதந்திரமா என்று கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள். பேரரசரின் பேரில், அரசுச் செலவில் இன்னொரு நாட்டுக்கு ஆள் போனால் அந்தக் காலத்தில் அதுதான் தூது. உடன்படிக்கை போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சீனமும் தெரியாது, ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்துத்தான் சொல்கிறேன்.

இந்தப் பதிவு நம் கைக்கு வந்ததே பெரிய விஷயம். அடுத்து வந்த மிங் அரசர்கள் யோங்லெ கலைக்களஞ்சியத்தில் இதைப் பிரதி எடுத்து வைத்தார்கள். அதன் 11,095 தொகுதிகளில் சுமார் 400தான் மிச்சம்; இது அதில் தப்பியிருக்கிறது. எங்கள் அலுவலக ரெக்கார்டு ரூமிலோ, இடம் அடைக்கிறது என்று காலக்கெடு முடியாத பதிவேடுகளையும் சேர்த்துக் கட்டி எடைக்குப் போட்டார்கள். வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்தேன். அந்தக் கடிதமும் அதே மூட்டையில் போயிருக்கும்.