ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பத்திர ஆபீஸ்: கொங்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து தன்பாலீர்ப்பாளர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நானும் என் தோழியும் ஒருத்தரையொருத்தர் விரும்பறோமுங்க. எனக்கு 24, அவளுக்கு 22. அவ ஊட்டுல மாப்பிள்ளை பார்த்துட்டாங்க. கோயமுத்தூர் போய் வேலை தேடிக்கிட்டு ஒண்ணா இருக்கலாம்னு இருக்கோம். அவங்கப்பா ஸ்டேஷன்ல புகார் குடுத்தா எங்களைப் பிரிச்சுருவாங்களா? – கோபிசெட்டிபாளையம்

பதில்: சட்டப்படி பிரிக்க முடியாது. இருவரும் 18 வயதைத் தாண்டியவர்கள். இதே போன்ற ஒரு வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் காவல்துறைக்குத் தெளிவாக உத்தரவிட்டார்: காணவில்லை என்று புகார் வந்து, விசாரித்ததில் இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை தரக் கூடாது. அதைத் தொடர்ந்து 2022-ல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அதிகாரிகள் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. தன்பாலீர்ப்பாளர்கள் உள்ளிட்ட எல்.ஜி.பி.டி.க்யூ. சமூகத்தவரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்பதுதான் அந்த விதி. எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விதியின் எண்ணைச் சொல்லிப் பேசுகிறவரிடம் ஸ்டேஷனில் பேச்சு மாறும்.

ஆனால் காரியம் கெடுவது பெரும்பாலும் வேறு இடத்தில். மகள் விரும்பிப் போனாள் என்றால் புகார் நிற்காது என்பது பெற்றவர்களுக்கும் தெரியும். அதனால் "நகையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா" என்று திருட்டுப் புகாராக மாற்றுவார்கள். கழுத்தில் கிடக்கும் செயின் உட்பட வீட்டில் வாங்கித் தந்த தங்கம் எதுவும் வேண்டாம். அப்பா பெயரில் ஆர்.சி. இருக்கும் ஸ்கூட்டியைத் தொடாதீர்கள். சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா பெயரில் இருந்தால் அவர் அதை நிறுத்தலாம், அதே எண்ணில் மாற்று சிம் வாங்கி உங்கள் ஓ.டி.பி.யையும் எடுக்கலாம். வங்கிக் கணக்கு அவரோடு சேர்ந்த கணக்கு என்றால் இப்போதே தனிக் கணக்குத் தொடங்குங்கள். எடுத்துப் போக வேண்டியவை உங்களுடையவை மட்டுமே: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று (வயதுக்கு அதுவே ஆதாரம்), ஆதார், கல்லூரிச் சான்றிதழ்களின் அசல், வங்கிப் புத்தகம்.

ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். பெயர், பிறந்த தேதி, "என் சொந்த விருப்பத்தில் வீட்டை விட்டு வந்தேன், யாரும் கடத்தவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, வீட்டிலிருந்து நகையோ பணமோ எடுக்கவில்லை, தங்கியிருக்கும் முகவரியைப் பெற்றோரிடம் தெரிவிக்க வேண்டாம்", தேதி, கையெழுத்து. வயதுச் சான்றின் நகலை இணைத்து மாவட்ட எஸ்.பி.க்கும் உங்கள் ஊர் காவல் நிலையத்துக்கும் ஒப்புகைச் சீட்டோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ஊர் போஸ்ட் ஆபீசில் மட்டும் போடாதீர்கள், பொழுது சாய்வதற்குள் சேதி வீடு போய்ச் சேர்ந்துவிடும். கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகு போடலாம்.

விசாரணைக்குக் கூப்பிட்டால், பெண்களைச் சாட்சியாக விசாரிக்க அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179-ஆம் பிரிவு சொல்கிறது. "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று ஊர் ஸ்டேஷனுக்கு அழைத்தால் தனியாகப் போக வேண்டாம். அங்கே வாசலில் மாமன், பெரியப்பன் என்று பத்துப் பேர் காரோடு நிற்பார்கள். கோவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுப் பெறுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசம், தொலைபேசி 15100.

ஒருவேளை அவளை வீட்டில் பூட்டி வைத்துவிட்டால், அவளை நீதிமன்றத்தில் நேரில் நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை நீங்களே போடலாம். இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. 2025 மே மாதம் வேலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் தோழி போட்ட மனுவை ஏற்று, பெண்ணை அவள் விருப்பப்படி போக விட்டது சென்னை உயர் நீதிமன்ற அமர்வு. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதியது. ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல்காரர்கள் சென்னையில் மனுப்போட வேண்டும். கரூர் மட்டும் மதுரைக் கிளையில் வரும்.

கேள்வி: டேட்டிங் செயலியில பழக்கமான ஒருத்தனைப் பார்க்க அவிநாசி ரோட்டுப் பக்கம் போனேன். மூணு பேர் வந்து அடிச்சு, சட்டையைக் கழட்டி வீடியோ எடுத்தாங்க. ஜீபேல பணம் வாங்கினாங்க. இப்பவும் கேக்கறாங்க. போலீசுக்குப் போனா என் மேலயே கேஸ் வந்துருமுங்களா? – திருப்பூர்

பதில்: வராது. வயது வந்தவர்களின் விருப்ப உறவை 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவிலிருந்து விடுவித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படி ஒரு பிரிவே இல்லை. குற்றம் செய்தவர்கள் அவர்கள்தான்: மிரட்டிப் பணம் பறித்தல் 308-ஆம் பிரிவு (7 ஆண்டு வரை சிறை), அடித்துப் பிடுங்கியது 309, மிரட்டல் 351. உங்களுக்கு வெட்கம் இருக்கும், வீட்டுக்குச் சொல்லமாட்டீர்கள் என்ற ஒரே கணக்கில்தான் இந்தக் கும்பல் பிழைக்கிறது.

இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணம் கொடுக்கக் கொடுக்க வீடியோ அழியாது, தொகைதான் ஏறும். அரட்டையை அழிக்காதீர்கள், அவனை பிளாக் செய்வதற்கு முன் அவன் புரொஃபைல், எண், மிரட்டல் செய்திகளைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 12 இலக்க யூ.டி.ஆர். எண் இருக்கும், அதை எழுதி வையுங்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால், எடுக்கப்படாமல் அந்தக் கணக்கில் கிடக்கும் பணத்தை முடக்க முடியும். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். புகாரில் "செயலி மூலம் அறிமுகமான நபர்" என்பது போதும், நீங்கள் யார் என்ற விளக்கம் தேவையில்லை. எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பினால் பூஜ்ஜிய எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், எந்த நிலையத்திலும் பதிய வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. அந்த வீடியோவின் பிரதி உங்களிடம் வந்திருந்தால், ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவசத் தளத்தில் அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாக்கிக்கொள்ளலாம். வீடியோ உங்கள் போனை விட்டு வெளியே போகாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்களில் யாராவது அதை ஏற்றினால் அடையாளம் கண்டு தடுக்கும்.

மற்றவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் போன் எண்ணை யூ.பி.ஐ. செயலியில் அடித்தாலே வங்கியில் உள்ள முழுப் பெயர் வந்துவிடும். வங்கியோடு இணைத்த எண்ணை முதல் வாரமே தூக்கிக் கொடுக்காதீர்கள். கம்பெனி அடையாள அட்டையும் வீட்டு வாசலும் தெரியும் போட்டோ வேண்டாம். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள பேக்கரியில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் இடத்தை மாற்றினால் போக வேண்டாம்.

கேள்வி: எம் பையனுக்கு 26. தனக்குப் பொம்பளைப் புள்ளைங்க மேல ஆசை வரலைன்னு அழுதுட்டே சொன்னான். மனநல டாக்டர்கிட்டக் காட்டுனா சரியாயிரும், இல்லாட்டி ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கிறாங்க சொந்தக்காரங்க. என்னங்க பண்றது? – காங்கேயம்

பதில்: அம்மா, இது நோய் இல்லை, அதனால் மருந்தும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "மாற்றித் தருகிறேன்" என்று சிகிச்சை கொடுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்திருக்கிறது. எந்த மருத்துவராவது ஊசி, ஷாக், ஹார்மோன் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். மருந்துச் சீட்டோடு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். மந்திரிப்பது, வேண்டுதலுக்கு இழுத்துப் போவது எல்லாம் பிள்ளையை உங்களிடமிருந்து தள்ளித்தான் வைக்கும்.

கல்யாணம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை. சீர் செய்து, மண்டபம் பிடித்து, கடைசியில் குடும்ப நல நீதிமன்றத்தில் வந்து நிற்கும்; அந்தப் பெண் படும் பாட்டுக்கு ஈடே கிடையாது. ஜாதகம் சரியில்லை, தொழில் நிலைக்கட்டும் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். அவன் அனுமதி இல்லாமல் உண்மையை யாரிடமும் சொல்ல வேண்டாம், கூடப்பிறந்தவர்களிடம்கூட. இப்போதைக்கு அவன் சாப்பிட்டானா, தூங்குகிறானா என்று பாருங்கள். செத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் தனியே விடாமல் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், எந்நேரமும் தமிழிலும் பேசுவார்கள். அவன் உங்களை நம்பித்தான் சொன்னான்.

கேள்வி: ஆணுறை இல்லாமல் உறவு. எச்.ஐ.வி. பயம். ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாரும் தெரிந்தவர்கள். – நாமக்கல்

பதில்: 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் தொற்றைத் தடுக்கும் பி.இ.பி. மாத்திரைக்கு இன்றே மருத்துவரைப் பாருங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நேரம் கடந்துவிட்டால் அரசு மருத்துவமனையின் ஐ.சி.டி.சி. என்ற எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. ஊரில் கூச்சமாக இருந்தால் சேலமோ ஈரோடோ போகலாம். முதல் வாரத்தில் எடுத்து 'இல்லை' என்று வந்தால் நம்பி இருந்துவிடாதீர்கள், 3 மாதம் கழித்து மறுபடி எடுங்கள். உங்கள் நிலையை அனுமதியின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. சந்தேகங்களுக்கு எய்ட்ஸ் உதவி எண் 1097.

கேள்வி: நாங்கள் இருவரும் ஆண்கள். சிங்காநல்லூரில் பல வருடமாக ஒன்றாக வாழ்கிறோம். ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவருக்கு என்ன உரிமை? – கோவை

பதில்: தானாக வரும் உரிமை எதுவும் இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை ஏற்க மறுத்தது. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத்து வேண்டும்.

வங்கியில் சேர்ந்த கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. கிளையில் தயங்கினால் அதைச் சொல்லுங்கள். 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் கணக்கு இருக்கட்டும். நாமினி என்பவர் பணத்தை வாங்கும் ஆள்தான், உரிமையாளர் அல்ல. அண்ணன் தம்பிகள் பின்னால் வழக்குப் போட்டால் உயில்தான் காப்பாற்றும்.

பி.எஃப்.-ல் பலர் ஏமாறுகிறார்கள். சட்டப்படி 'குடும்பம்' இருப்பவர் குடும்பத்தாரைத்தான் நியமிக்க முடியும். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் அதில் அடக்கம். அம்மா உங்கள் சம்பளத்தில் வாழ்கிறார் என்றால், துணையின் பெயரில் போட்ட நாமினேஷன் செல்லாது. அந்தத் தொகை அம்மாவுக்குப் போகும் என்று கணக்கிட்டே உயிலில் மற்றதைப் பிரியுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். இரண்டு சாட்சிகள், இருவரும் சொத்தில் பங்கு பெறாதவர்களாக, உங்களை விட இளையவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். போலி உயில் என்ற வாதம் பலம் இழக்கும். பூர்வீகத் தோட்டத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். சர்வே எண், பட்டா எண், நான்கு எல்லை எல்லாம் சரியாக இருக்க வேண்டும், பங்காளிகள் பிடிப்பது அந்த ஓட்டையைத்தான். உயிருடன் இருக்கும்போதே தானசெட்டில்மென்ட் எழுதலாமே என்பார்கள். குடும்பத்தாருக்கு உள்ள முத்திரைத்தாள் சலுகை துணைக்குக் கிடைக்காது, செலவு மிக அதிகம்.

ஆஸ்பத்திரியில் நினைவு இருக்கும்வரை நோயாளியின் கையெழுத்துத்தான் செல்லும். நினைவு தப்பி, உயிர்காப்புக் கருவிகளைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற நிலை வந்தால் யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவ உயில் எழுதலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கிவிட்டது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று. துணையின் பெயரை அதில் பாதுகாவலராகக் குறிப்பிடுங்கள். மனநல சிகிச்சைக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டே ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். எல்லாவற்றின் நகலும் இருவர் போனிலும் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் ஏறட்டும். ஒருவர் போன மறுநாள் மற்றவரைக் காலி செய்யச் சொன்னால் அதுதான் பிடிமானம்.

கேள்வி: ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் என்ன கேட்பது? இங்கே சாதிச் சங்கத்தை மீறி எந்தக் கட்சியும் வாய் திறக்காது. – உடுமலைப்பேட்டை

பதில்: திருநங்கையருக்குத் தமிழ்நாட்டில் 2008-லேயே நல வாரியம் வந்தது, அவர்கள் தெருவில் நின்று கேட்டதால். ஆண், பெண் தன்பாலீர்ப்பாளர்கள் முகம் காட்ட முடியாததால் கேட்கவும் முடியவில்லை. "எங்களை ஆதரிப்பீர்களா" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். குறிப்பாகக் கேளுங்கள்.

உங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் அருகே 2016 மார்ச்சில் நடந்த ஆணவக் கொலையை யாரும் மறக்கவில்லை. 2025-ல் மாநில அரசு ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. அப்படி வரும் சட்டம் 'மணம் செய்தவர்', 'மணம் செய்ய விரும்புபவர்' என்று மட்டும் எழுதினால், வீட்டில் பூட்டி வைக்கப்படும் நம் பெண்கள் வெளியே நிற்பார்கள். 'சேர்ந்து வாழ விரும்பும் வயது வந்த எவரும்' என்ற வரி வேண்டும். பாதுகாப்பு இல்லங்களில் ஒருபால் இணையருக்கும் இடம் வேண்டும். இதுவே வேட்பாளரிடம் வைக்க வேண்டிய கோரிக்கை. நான்கு வரியில் எழுதிக் கையில் கொடுங்கள்.

முகம் காட்டாமல் செய்யக்கூடிய வேலையும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: 24-சி விதி பற்றி எத்தனை காவலர்களுக்கு, எந்தத் தேதிகளில் பயிற்சி தரப்பட்டது, அந்த விதியின் கீழ் வந்த புகார்கள் எத்தனை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வீட்டு முகவரி தர அஞ்சினால் தலைமை அஞ்சலகத்தில் தபால் பெட்டி எண் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணையே முகவரியாக ஏற்கலாம் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் கூறியிருக்கிறது. வந்த பதிலின் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.