ஆழ்குகை முக்குளிப்பும் குழுப் பயிற்சியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பி சில ஆண்டுகளாகக் குகை முக்குளிப்பில் ஈடுபட்டிருக்கிறான். அண்மையில் ஆழ்குகைகளுக்குச் செல்லும் ஒரு குழுவில் சேர்ந்து, அவர்களுடைய வார இறுதிப் பயிற்சியை முடித்துத் திரும்பினான். அவன் சொன்னதைக் கேட்டு வியப்புத்தான் மிஞ்சியது. முதல் நாள் முழுவதும் தரையில் கட்டிய கயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து நடப்பதிலும், ஆழமில்லாத நீரில் ஒருவருக்கொருவர் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் வாயுவைச் சுவாசிக்க வாயில் வைக்கும் கருவியை, கொடுத்து வாங்குவதிலும் கழிந்திருக்கிறது. மறுநாள் குகைக்குள் சென்றவர்கள், ஒருவருடைய விளக்கு மங்கியதால் மூவருமாகப் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். மூவருமே அனுபவசாலிகள். தேர்ந்தவர்களுக்கு இந்த அரிச்சுவடி எதற்கு? இருவர் ஒதுங்க இடமில்லாத பாதையில் துணை என்பது உதவியா, இடையூறா? தனியாகச் செல்பவர் தன் தவறுக்கு மட்டும் பதில் சொன்னால் போதுமே?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் 1946-இல் தொடங்கப்பட்ட கேவ் டைவிங் குரூப்பின் மரபில் வந்தவர்கள், சேறு கலங்கிய இடுக்கான நீர்வழிகளில் தனியாகச் செல்வதையே பெரிதும் தேர்ந்தார்கள். அத்தகைய இடத்தில் பின்னால் வருபவரால் உதவ முடிவதில்லை. வழியை அடைக்கத்தான் முடியும். 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய சிறுவர்களைக் கண்டடைந்த ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலாந்தனும் அந்த மரபில் ஊறியவர்களே. ஆகவே துணை எங்கும் எப்போதும் நல்லது என்று நான் வாதிடப் போவதில்லை. ஆழமான, அகன்ற குகைகளில் கணக்கு மாறிவிடுகிறது என்பதே நான் சொல்ல விரும்புவது. கணக்கு என்பதை எண்களின் பொருளிலேயே சொல்கிறேன்.

அமெரிக்க முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி குகை விபத்துகளை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட கையேட்டில் மூன்று காரணங்களை முதன்மையாகக் குறிப்பிட்டார்: வெளிவாயில் வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு இல்லாமை, சுவாச வாயுவில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பி வருவதற்கென ஒதுக்காமை, தகுதிக்கு மீறிய ஆழம். இவற்றுள் இரண்டாவதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். இருவர் 210 பார் அழுத்தத்தில் நிரப்பிய, ஒரே அளவிலான சிலிண்டர்களுடன் உள்ளே செல்கிறார்கள். ஆளுக்கு 70 பார் செலவானதும் திரும்ப வேண்டும். அந்தக் கடைசிப் புள்ளியில் ஒருவருடைய வாயு முழுவதும் போய்விட்டால், மற்றவரிடம் மிஞ்சியிருப்பது 140 பார். இருவரும் வெளியேறத் தேவைப்படுவதும் அதே 140 பார்தான். கையிருப்பு என்று எதுவும் இல்லை. அச்சத்தில் மூச்சு வேகம் அதிகரிக்காது, சேறு கிளம்பிப் பயணம் தாமதமாகாது, இருவரும் ஒரே அளவில்தான் சுவாசிப்பார்கள் என்ற மூன்று எடுகோள்களும் பலித்தால் மட்டுமே அந்தக் கணக்கு நேராகும்.

இதில் ஆழத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 60 மீட்டரில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப் போல ஏழு மடங்கு என்பதால், மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 140 லிட்டர் செலவழிக்கிறார். இருவருக்கும் 280 லிட்டர். கொடுப்பவர் சுமந்திருப்பது இரட்டைப் 12 லிட்டர் சிலிண்டர் என்றால், ரெகுலேட்டரைக் கொடுத்து, நீண்ட குழாயைச் சிக்கெடுத்து, யார் முன்னே செல்வது என்று தடுமாறும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏறத்தாழ 12 பார் கரைந்துபோகும், அதுவும் பதற்றமே இல்லாத சுவாசத்தில். நீங்கள் அரிச்சுவடி என்று குறிப்பிட்ட பயிற்சி, இந்த ஒரு நிமிடத்தைச் சில நொடிகளாகக் குறைப்பதற்காகச் செய்யப்படுவது. வாயு இழந்தவர் முன்னே, கொடுத்தவர் பின்னே, இடையில் 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான குழாய் என்ற வரிசையை யோசித்துச் செய்யக் கூடாது. கை அறிந்திருக்க வேண்டும். தனித்தனியே தேர்ந்த மூவர் முன்பயிற்சியின்றி ஒன்றுசேர்ந்தால், ஒவ்வொருவரும் மற்றவரிடம் இருக்கும் இருப்பை நம்பி உள்ளே செல்கிறார்கள்; தேவைப்படும் கணத்தில் அது அவர்களுக்கு எட்டுவதில்லை. அப்படிப்பட்ட குழுவைவிடத் தனியாகச் செல்பவர் பாதுகாப்பானவர் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் அவர் அந்த இருப்பை எண்ணிச் செல்வதில்லை.

கண்ணை மூடிக் கயிற்றைப் பிடித்து நடப்பதும் அவ்வாறே. குகைத் தரையில் படிந்திருக்கும் நுண்மண் காலில் அணிந்த துடுப்பின் ஒரு தவறான வீச்சில் கிளம்பினால் விளக்கு கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போகும். அப்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் கயிற்றைச் சுற்றி வளையமாக இருக்க, மறு கை முன்னால் செல்பவரின் உடலைத் தொட்டிருக்கும். முன்னே தள்ளினால் செல், பின்னே இழுத்தால் பின்வாங்கு, அழுத்திப் பிடித்தால் நில். மூவரும் அவற்றை ஒரே பொருளில் புரிந்துகொள்கிறார்களா என்பதைத் தரையில் சோதிக்காமல் வேறு எங்கே சோதிப்பது?

ஏறும்போது வாயு மாற்றும் முறையையும் சொல்ல வேண்டும். ஆழத்தில் உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேறுவதற்கான அழுத்தத் தணிப்புக்காக 21 மீட்டரில் 50 சதவீத ஆக்சிஜன் கலவைக்கும், 6 மீட்டரில் தூய ஆக்சிஜனுக்கும் மாறுவது வழக்கம். தூய ஆக்சிஜனைத் தவறுதலாக 21 மீட்டரில் வாயில் வைத்தால் வலிப்பு வந்து ரெகுலேட்டர் நழுவக்கூடும். ஆகவே மாறுபவர் சிலிண்டரைத் திருப்பி, அதன்மேல் பெரிதாக எழுதியிருக்கும் ஆழத்தைத் துணைவரிடம் காட்டுகிறார். துணைவர் அதைப் படித்து, குழாயைச் சிலிண்டரிலிருந்து வாய்வரை கண்ணால் தொடர்ந்து பார்த்த பிறகே சைகை செய்கிறார். களைத்து, குளிரில் விறைத்த ஒருவர் தன்னைத் தானே சரிபார்ப்பது எவ்வளவு நம்பத்தக்கது என்பதை உங்கள் தம்பியே அறிவார்.

பாதியில் திரும்பியதை நீங்கள் வீணாகக் கருதுகிறீர்கள். எனக்கு அந்த இரண்டு நாளில் மிகவும் பிடித்தது அதுதான். ஒவ்வொருவரும் மூன்று விளக்குகள் கொண்டு செல்வார்கள் என்பதால், ஒன்று மங்கியது உயிருக்கு உடனடி ஆபத்து அல்ல. ஆனாலும் எவரும், எந்நேரமும், எக்காரணத்துக்காகவும் முக்குளிப்பை முடித்துக்கொள்ளலாம் என்பது குகை முக்குளிப்பின் பழைய விதி. எழுத்தில் அதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆயத்தமெல்லாம் செய்து, வாயு கலந்து, பாரம் சுமந்து உள்ளே சென்ற பின்பு, கையை உயர்த்தித் திரும்பலாம் என்று காட்டுவதற்கு மனம் பழக வேண்டியிருக்கிறது. ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் தன்னம்பிக்கையைத் தவறாகப் பெருக்கும் என்பதால் இன்னும் அதிகமாகவே பழக வேண்டியிருக்கிறது. டிரைமிக்ஸ் என்னும், ஹீலியம் கலந்த சுவாச வாயு அந்த மயக்கத்தைக் குறைக்கும். வெட்கத்தைக் குறைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை தம்பியைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மூவரில் யாருடைய வாயு குறைவாக இருந்ததோ அவரை வைத்துத் திரும்பும் அழுத்தத்தை முடிவு செய்தார்களா என்பது ஒன்று. கரையேறிய பின், விளக்கு மங்கியவரைப் பார்த்து யாராவது முகம் சுளித்தார்களா என்பது மற்றொன்று. முதலாவதற்கு இல்லை என்றாலோ, இரண்டாவதற்கு ஆம் என்றாலோ, அந்தக் குழுவுடன் ஆழத்துக்குச் செல்ல வேண்டாம் என்று அக்கறையோடு சொல்லுங்கள்.